50 மணி நேர சிமுலேட்டர் பேக்கேஜ்: கணக்கில் ஏறியது எவ்வளவு?

போன மாதம் வரை, பறந்த நேரத்தை எழுதிவைக்கும் என் லாக்புக்கின் கடைசி வரியில் 1,507 மணி நேரம் என்று இருந்தது. இப்போது 1,462. நடுவில் காணாமல் போன 45 மணி நேரத்தைப் பற்றியதுதான் இந்த விமர்சனம். ஒரு ஏர்லைன் நேர்காணலுக்குப் போயிருந்தேன். அங்கே இருந்த பெண்மணி பக்கங்களைப் புரட்டிவிட்டு, "இதெல்லாம் ஏடிடி தானே? மொத்தத்தில் ஏன் கூட்டியிருக்கிறீர்கள்?" என்று கேட்டார். ஏடிடி என்றால் ஏவியேஷன் டிரெயினிங் டிவைஸ், தரையில் உட்கார்ந்தே பழகும் ஒரு வகை சிமுலேட்டர். பதில் சொல்ல வாய் வரவில்லை.

மூன்று வருடத்துக்கு முன்னால், நான் மாணவியாக இருந்தபோது படித்த ஃப்ளையிங் ஸ்கூலில் 50 மணி நேர சிமுலேட்டர் பேக்கேஜ் விற்றார்கள். இன்ஸ்ட்ரக்டர் கட்டணத்தோடு சேர்த்து 4,750 டாலர், அதாவது மணிக்கு 95. அதே இன்ஸ்ட்ரக்டரோடு செஸ்னா 172 என்ற சிறு விமானத்தில் ஏறினால் மணிக்கு 240 ஆகும். 'ஒவ்வொரு மணி நேரமும் உங்கள் சான்றிதழுக்குக் கணக்கில் வரும்' என்று சுவரில் ஒட்டியிருந்தார்கள். எந்தச் சான்றிதழ் என்று நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

முதலில் கருவியைப் பற்றி. நான்கு பக்கமும் மூடிய ஒரு கேபின், சுற்றிலும் திரைகள், அடியில் அசைகிற மேடை. பழைய வட்ட மீட்டர்களை எடுத்துவிட்டு ஜி1000 என்ற கணினித்திரை பேனலை மாட்டிக்கொள்ளலாம். தரையிறங்கிப் பழக இது உதவாது. சக்கரம் ரன்வேயைத் தொடுவதற்கு முந்தைய அந்த இரண்டு விநாடியில் உடம்புக்குத் தெரிய வேண்டியது எதுவும் இங்கே தெரியாது. ரட்டர் பெடல் வெண்ணெய் மாதிரி வழுக்கும். ஏசி வேறு, எந்நேரமும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டுதான் 'பறக்க' வேண்டும்.

ஆனால் இன்ஸ்ட்ரூமென்ட் பயிற்சி, அதாவது வெளியே பார்க்காமல் மீட்டர்களை மட்டும் நம்பிப் பறப்பது, என்று வந்துவிட்டால் இந்தப் பெட்டிக்கு ஈடே இல்லை. நிஜ விமானத்தில் ஒரு மணி நேரத்தில் இரண்டு அல்லது மூன்று ஐஎல்எஸ் (ரேடியோ வழிகாட்டலில் ரன்வேயை நெருங்குவது) போனாலே பெரிய விஷயம். இங்கே ஆறு போவேன். தப்பு செய்தால் இன்ஸ்ட்ரக்டர் அப்படியே நிறுத்துவார், "ஊசி எங்கே நிற்கிறது பாருங்கள்" என்பார், மறுபடி பத்து மைல் தள்ளிக் கொண்டுபோய் வைப்பார். மேகத்தை 200 அடிக்கு இறக்கி, பார்வைத் தூரத்தை அரை மைல் ஆக்கி, நடுவில் சொல்லாமல் கொள்ளாமல் சில மீட்டர்களை இயக்கும் வேக்யூம் பம்பைச் சாகடிப்பார். செயற்கை அடிவானம் மெதுவாகச் சாயும், நானும் அதை நம்பிச் சாய்வேன். மூன்றாவது தடவைதான், விமானம் திரும்புவதைத் தனியாகக் காட்டும் டர்ன் கோஆர்டினேட்டரைப் பார்க்கக் கை, கண் எல்லாம் பழகியது. பின்னால் நிஜ மேகத்துக்குள் முதல்முறை நுழைந்தபோது, வயிறு கலங்கினாலும் கண் பழகிய வரிசையிலேயே மீட்டர்களைச் சுற்றி வந்தது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இது கறிக்கு உதவிய சுரைக்காய்; ஏட்டில்தான் ஏறவில்லை.

ஏன் ஏறவில்லை? அமெரிக்காவின் விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் எஃப்ஏஏ-வின் விதிகளில் 'சிமுலேட்டர்' என்று ஒரே சாதி கிடையாது. மேலே இருப்பது ஃபுல் ஃப்ளைட் சிமுலேட்டர், அதற்குக் கீழே ஃப்ளைட் டிரெயினிங் டிவைஸ், அதற்கும் கீழேதான் நான் உட்கார்ந்த ஏஏடிடி, அதாவது அட்வான்ஸ்டு ஏடிடி. ஏர்லைன் பைலட்டுக்கான ஏடிபி சான்றிதழுக்கு வேண்டிய 1,500 மணி நேரத்தில் 100 மணி வரை சிமுலேட்டரில் காட்டலாம். ஆனால் அது முதல் இரண்டு வகையாக இருக்க வேண்டும், அதுவும் அங்கீகரிக்கப்பட்ட பயிற்சித் திட்டத்தின் பகுதியாக நடந்திருக்க வேண்டும். ஏஏடிடிக்கு அந்த வாசல் திறக்காது.

இதில் வேடிக்கை என்னவென்றால், அதே 45 மணி நேரத்துக்கு இடத்துக்கு இடம் வேறு மதிப்பு. மீட்டர்களை நம்பி மேகத்துக்குள் பறக்க அனுமதிக்கும் இன்ஸ்ட்ரூமென்ட் ரேட்டிங்கில் 20 மணி எடுத்துக்கொண்டார்கள். சம்பளத்துக்குப் பறக்க வேண்டிய கமர்ஷியல் சான்றிதழுக்கான 250 மணியில் 50 வரை போகும் என்பதால் முழு 45-உம் செல்லுபடி ஆனது. ஸ்கூல் சுவரில் இருந்தது அந்த அளவுக்கு உண்மைதான். ஏடிபிக்குத் தேவையான 75 மணி இன்ஸ்ட்ரூமென்ட் நேரத்தில் 25 போகும். 1,500-க்கு? பூஜ்யம். இதெல்லாம் அந்தக் கருவிக்கு எஃப்ஏஏ கொடுத்த அங்கீகாரக் கடிதத்திலேயே வரிசையாக எழுதியிருக்கிறது. நான் அதைப் படித்தது போன மாதம். எனக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். விண்ணப்பப் படிவத்தில்கூட ஏடிடி நேரத்துக்குத் தனி வரிசை இருக்கிறது. என் டிஜிட்டல் லாக்புக் எல்லாவற்றையும் தானாகக் கூட்டிக் காட்டியது, நானும் அந்த எண்ணைப் பார்த்துப் பூரித்துப்போய் விட்டுவிட்டேன்.

50 வாங்கினேன், 45 தான் பேசுகிறேன் என்று கவனித்திருப்பீர்கள். மீதி 5 மணி நேரம் இன்ஸ்ட்ரக்டர் வராத நாட்களில் தனியாக உட்கார்ந்தது. அதற்கும் அதே 95 டாலர் கழித்தார்கள். கூட இருந்து பார்த்துக் கையெழுத்துப் போட ஆள் இல்லாததால் அது எந்தச் சான்றிதழுக்கும் சேராது. இன்ஸ்ட்ரூமென்ட் ரேட்டிங் வாங்கியவர்கள், அதைத் தொடர்ந்து பயன்படுத்த வேண்டிய ஆறு மாதத்துக்குள் ஆறு அப்ரோச் (மீட்டர்களை நம்பி ரன்வேயை நெருங்குவது) என்ற கணக்கைச் சரிசெய்யத் தனியாக உட்காரலாம், 2018-இல் அப்படி விதியை மாற்றினார்கள். எனக்கு அப்போது ரேட்டிங்கே கிடையாது.

இந்த 1,500 எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் இன்னும் கொஞ்சம் எரிச்சல் வரும். 2009 பிப்ரவரி 12 அன்று அமெரிக்காவின் பஃபலோ நகரை நெருங்கிய கோல்கன் ஏர் 3407 பயணிகள் விமானம் ஸ்டால் ஆகி, அதாவது இறக்கையின் தூக்கு விசை போய், விழுந்தது. விமானத்தில் 49 பேர், தரையில் ஒருவர் இறந்தார்கள். எச்சரிக்கை அதிர்வு வந்ததும் கேப்டன் மூக்கை இறக்காமல் இழுத்தார். அதன் பிறகு வந்த சட்டம்தான் இது. அந்த கேப்டனுக்கு 3,379 மணி நேரம், துணை பைலட்டுக்கு 2,244. இருவருமே 1,500-ஐ எப்போதோ தாண்டியவர்கள்.

என் தம்பி வீட்டில் ஜாய்ஸ்டிக் வைத்துக்கொண்டு உலகம் சுற்றுகிறவன். கதையைக் கேட்டுவிட்டு, "அக்கா, என்னுடைய 2,000 மணி நேரம் எதிலாவது சேருமா?" என்றான். "ஒரு நிமிஷம்கூடச் சேராதுடா" என்றேன். அவனுக்காவது 4,750 டாலர் மிச்சம்.

சரி, வாங்கலாமா? 20 மணி நேரம் தாராளமாக வாங்குங்கள், இன்ஸ்ட்ரூமென்ட் ரேட்டிங்குக்கு அதைவிட நல்ல செலவு இல்லை. பணம் கட்டும் முன் அங்கீகாரக் கடிதத்தைக் கேட்டு வாங்கி, காலாவதி தேதியைப் பாருங்கள்; ஐந்து வருடம்தான் செல்லும். ஏர்லைன்தான் குறி என்றால் 50 வேண்டாம், அந்தப் பணத்தை இறக்கை உள்ள எதிலாவது போடுங்கள்.

இப்போது நான் வேறொரு ஸ்கூலில் இன்ஸ்ட்ரக்டர். 1,500-க்குக் குறையும் 38 மணி நேரத்தை மாணவர்களோடு செஸ்னாவில் ஈட்டிக்கொண்டிருக்கிறேன், இன்னும் 31 பாக்கி. கையெழுத்தில்லாத அந்த 5 மணி நேரத்துக்கான பணத்தைத் திருப்பிக் கேட்டுப் பழைய ஸ்கூலுக்கு எழுதியிருந்தேன். நேற்று பதில் வந்தது. பணம் தர முடியாதாம், அதற்குப் பதில் 3 மணி நேரம் சிமுலேட்டரில் இலவசமாக உட்கார்ந்துகொள்ளலாமாம்.