ஓடும்போது ராஜா, நின்னா நடுக்கம்: என்ற பழைய டீசல் வண்டி

மச்சான் ஒருத்தர் பெருந்துறையில செகண்ட் ஹேண்ட் வண்டி பார்த்திருக்கார். நான் வச்சிருக்கிற அதே 2012 மாடல் டீசல். "ஏனுங் மாப்ள, நம்பி எடுக்கலாமுங்களா?"ன்னு போன்ல கேட்டார். மைலேஜ், இடவசதி எல்லாம் அவருக்கே தெரியும். இந்த நடுக்கத்தைப் பத்தி மட்டும் சொல்றேன்.

போன ஆடியில வந்துச்சு. ஆடிக் காத்துல காங்கயம் ரோட்டுல வண்டி ஆடுறது வேற, அது பக்கவாட்டுல தள்ளும். இது சீட்டுக்கடியில இருந்து கிர்ர்ருன்னு ஏறுது. காலையில நல்லா இருந்த வண்டி, சாயங்காலம் திருப்பூர் சிக்னல்ல நிக்கிறப்ப உள்கண்ணாடியில பின்னாடி நின்ன பனியன் லோடு வண்டி ரெண்டா தெரிஞ்சுது. சாவியை ஆஃப் பண்ணுனா டொக்குன்னு ஒரு குலுக்கல் வேற.

சர்வீஸ் சென்டர்ல ஸ்கேனர் மாட்டுனாங்க. பழுதைக் காட்டுற எரர் கோட் ஒண்ணும் வரல. ஆனாலும் சிலிண்டருக்குள்ள டீசலைப் பீச்சுற இன்ஜெக்டர் நாலையும் மாத்தணும்னு எஸ்டிமேட் நீட்டுனாங்க. வந்துச்சு பாருங்க கோவம்!

கணக்கைப் பாருங்க. நாலு சிலிண்டர் இன்ஜின் 800 ஆர்பிஎம்ல, அதாவது நிமிஷத்துக்கு 800 சுத்து ஓடுனா, நிமிஷத்துக்கு 1600 தடவை டீசல் எரியும், செகண்டுக்கு சுமார் 27. இன்ஜெக்டர் கெட்டு ஒரு சிலிண்டர் படுத்துருச்சுன்னா அந்த இடத்துல மட்டும் செகண்டுக்கு ஏழு தடவை கிட்ட விட்டுப்போகும். அப்ப வண்டி தடக் தடக்குன்னு மொத்தமா குலுங்கும், ஏத்தத்துல இழுக்காது. என்ற வண்டி திம்பம் 27 கொண்டை ஊசியையும் சிணுங்காம ஏறுது. லேசா ரேஸ் குடுத்தாலே நடுக்கம் அடங்குது. இதுல இன்ஜெக்டர் எங்கிருந்து வந்துச்சு?

வண்டியை எடுத்துட்டு ரோட்டோரம் இருக்கிற ஒரு மெக்கானிக்கிட்டப் போனேன். ஸ்கேனரெல்லாம் இல்லை. முதல்ல கிளட்சை மிதிச்சு மிதிச்சு விட்டார். மிதிச்சா சத்தம் நின்னா கியர்பாக்ஸ் பேரிங், ப்ளைவீல் பக்கம் சந்தேகப்படணும். மிதிச்சா சத்தம் வந்தா கிளட்சோட ரிலீஸ் பேரிங். ரெண்டும் இல்லை. அப்பறம் இன்ஜினுக்கு அடியில ஆயில் நிக்கிற தொட்டி, அந்த ஆயில் சம்புக்கடியில ஒரு மரப்பலகையை வச்சு, ஜாக்கியில இன்ஜினை விரற்கடை அளவுதான் தூக்குனார். ஸ்டீரிங் மேல கை வச்சிருந்தேன். நடுக்கம் பட்டுன்னு நின்னுருச்சு.

"இன்ஜின் நல்லாத்தானுங்ணா இருக்குது. அதைத் தாங்குறதுதான் செத்துப்போச்சுங்."

இன்ஜினைத் தாங்குற வலதுபக்க ரப்பர் மவுண்டிங். உள்ள திரவம் அடைச்ச வகை அது. கழட்டுனப்ப ரப்பர் கிழிஞ்சு, கருப்பா ஒழுகி, இரும்பும் இரும்பும் உரசியிருந்துச்சு. மாத்துன செலவு, அந்த இன்ஜெக்டர் எஸ்டிமேட்டுல பத்துல ஒரு பங்குகூட இல்லை.

இதோட முடிஞ்சிருந்தா நான் இதை எழுதியிருக்கவே மாட்டேன். ஒரிஜினல் உடனே கிடைக்கல, வெளி மார்க்கெட் மவுண்டிங் போட்டோம். அது திரவம் இல்லாத கெட்டி ரப்பர். தாங்குது, ஆனா அதிர்வை விழுங்க மாட்டேங்குது. ஏசி போட்டுட்டு சிக்னல்ல நின்னா கால்ல லேசா கிர்ர்ரு. பக்கத்துல உட்கார்ற யாருக்கும் தெரியறதில்லை, எனக்கு மட்டும் தெரியுது. அதுதான் எரிச்சல்.

இன்ஜினைக் குத்தம் சொன்னா நாக்கு அழுகிரும். இத்தனை வருஷத்துல ரோட்டுல நிறுத்துனதில்லை, இழுவைக்கும் குறையில்லை. இருந்தாலும் மச்சான், வாங்காதீங்க. நானும் விக்கப் போறதில்லை, அது வேற.

கேக்க மாட்டீங்கன்னு தெரியும். போறதா இருந்தா, வண்டியைச் சூடு பண்ணி வைக்க வேண்டாம்னு முன்னாடியே சொல்லிருங்க. குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் பண்ணி, சூடேறுனதும் ஏசியைப் போட்டு, நியூட்ரல்ல அஞ்சு நிமிஷம் உட்காருங்க. பாட்டுப் பெட்டியை அவங்க போட்டா, நீங்க ஆஃப் பண்ணிருங்க.