நாய்ச் சொறிக்கு 46,800 ரூபாவைக் கொட்டிவிட்டு எழுதுகிறேன்

கோபம் ஆறமுதல் எழுதிவிட வேண்டும். ஆறினால் "சரி, போனது போகட்டும்" என்று விட்டுவிடுவேன், என் குணம் அப்படி. 46,800 ரூபா. கிணற்று மோட்டர் மாற்றவென்று மாதாமாதம் ஒதுக்கி வைத்த காசு. மோட்டர் பழையபடி இருமிக்கொண்டு கிடக்கிறது. நாயும் பழையபடி சொறிந்துகொண்டு கிடக்கிறது.

ரைகருக்கு ஐந்து வயது. தகப்பன் லாப்ரடோர், தாய் கோண்டாவில் ஒழுங்கையில் திரிந்த ஊர் நாய். வந்த நாளில் இருந்து எங்கள் வீட்டுச் சாப்பாடுதான்: சோறு, அவித்த மீன் தலை, பாணும் பாலும், ஞாயிறு என்றால் கோழி. சித்திரை வெயிலோடு சொறியத் தொடங்கினான். முதலில் வால் அடியில். பிறகு முன்காலை நக்கி நக்கி வெள்ளை மயிர் எல்லாம் கறள் நிறமாகிவிட்டது. காதுக்குள் கறுப்பு ஊத்தை, புளித்த மாவைப் போல ஒரு மணம். இரவு இரண்டு மணிக்கு அவன் சொறியும்போது கால் நிலத்தில் அடிபடும் சத்தத்தில் முழு வீடும் எழும்பும். வேப்பிலை அவித்துக் குளிப்பாட்டினோம். மஞ்சள் பூசினோம். பக்கத்து வீட்டு ஆச்சி வாகனக் கழிவு எண்ணெய் பூசச் சொன்னா. நல்ல காலம், அதை மட்டும் செய்யவில்லை.

ஏன் நேரே வைத்தியரிடம் போகவில்லை என்று கேட்பீர்கள். முப்பது கிலோ நாயை ஏற்றச் சம்மதிக்கும் ஓட்டோக்காரர் வேண்டும், எனக்கு அரைநாள் லீவு வேண்டும், ரைகரைப் பிடிக்க இன்னொரு ஆள் வேண்டும். போனிலேயே எல்லாம் முடியும் என்று ஒருவர் சொன்னால் மனம் அங்கேதான் சாயும்.

நல்லூர்க் கொடியேறிய கிழமை அந்த விளம்பரத்தைப் பார்த்தேன். செல்லப்பிராணிச் சாமான் விற்கும் ஒரு இணையக் கடை. பெயர் சொல்லமாட்டேன். வெள்ளைக் கோட் போட்ட ஒருவர் ஒரு குட்டியைத் தூக்கி வைத்திருக்கும் படம். "ஒவ்வாமையைக் கண்டுபிடிக்க ஊசி தேவையில்லை, ஒரு பிடி மயிரும் எச்சிலும் போதும்." எண்ணை அழுத்தினேன்.

எடுத்தவர் முதல் கேட்டது காசைப் பற்றி அல்ல. "நாய்க்கு என்ன பேர் வைச்சிருக்கிறியள் அக்கா?" என்று கேட்டார். ரைகர் என்றேன். "ரைகர் சாப்பிடுறானா? இரவில நித்திரை கொள்ளுறானா?" என்று ஒவ்வொரு கேள்வியிலும் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கேட்டார். வீடியோ அனுப்பச் சொன்னார். பார்த்துவிட்டுக் குரல் பதிவு போட்டார்: "பாவம் அக்கா, வாயில்லாச் சீவன். எங்கட வீட்டிலயும் ஒண்டு இப்பிடித்தான் கிடந்தது. நீங்கள் யோசிக்காதேங்கோ, ரைகரை நாங்கள் சுகப்படுத்துறம்." அதை நான் அம்மாவுக்கும் போட்டுக் காட்டினேன். அம்மா "நல்ல பெடியன் போல கிடக்கு" என்றா. நாலு மாதத்தில் யாரும் அந்த நாயைப் பற்றி அப்படிக் கேட்டதில்லை. நான் விழுந்த இடம் அதுதான். விலையிலும் இல்லை, வெள்ளைக் கோட்டிலும் இல்லை.

பரிசோதனைக்கு 18,500. அன்று பின்னேரமே வங்கியில் போட்டுவிட்டேன். பஞ்சுக் குச்சியால் வாய்க்குள் தடவி, முதுகு மயிர் கொஞ்சம் பிடுங்கி, கூரியரில் கொழும்புக்கு அனுப்பினேன். அங்கிருந்து ஜேர்மன் ஆய்வுகூடத்துக்குப் போகுமாம். நாலாம் நாள் அறிக்கை வட்ஸ்அப்பில் வந்துவிட்டது. நாலு நாள்! என் மச்சாள் ஜேர்மனியில் இருந்து போடும் சொக்லேற் பார்சல் வந்து சேர மூன்று கிழமை எடுக்கும். அப்போது எனக்கு இந்தக் கணக்கு ஓடவில்லை. "கெதியா வந்திட்டுது" என்று சந்தோசப்பட்டேன்.

அறிக்கையில் நாற்பது பொருட்கள், முக்கால்வாசி சிவப்பு. கோழி சிவப்பு, மாடு சிவப்பு, பால், அரிசி, தேங்காய், எங்கள் கடல் மீன் எல்லாம் சிவப்பு. ரைகர் கண்ணாலேயே காணாத வான்கோழியும் சிவப்பு. பச்சையில் இருந்தது சல்மன் மீனும் உருளைக்கிழங்கும். அந்தக் கடையில் விற்பதும் சல்மனும் உருளைக்கிழங்கும் போட்ட பைதான். பத்துக் கிலோ 22,800 ரூபா. அதோடு "உடம்பில ஊறின நஞ்சை வெளியால எடுக்க" மூலிகைத் துளி ஒரு போத்தல், 5,500. கூட்டிப் பாருங்கள், 46,800. கூரியர் இலவசம் என்று பெரிய மனசு வேறு.

துளி போட்டு மூன்றாம் நாள் ரைகர் சொறியவில்லை. விடியும்வரை தூங்கினான். நான் அழாத குறை. அந்தப் பெடியனுக்கு நீளமாக ஒரு நன்றிச் செய்தி அனுப்பினேன், ரைகர் படுத்திருக்கும் படத்தோடு. அதை அவர்கள் தங்கள் பக்கத்தில் போட்டிருக்கிறார்கள். இன்றைக்கும் கிடக்கிறது. என் வார்த்தையை நம்பி இனி யார் யார் காசு போடப் போகிறார்களோ தெரியாது. காசு போனதை விட அதுதான் எனக்கு நெஞ்சில் குத்துகிறது.

பிறகு வேறு கூத்துத் தொடங்கியது. வாளித் தண்ணீரை ஒரே மூச்சில் குடிக்கிறான். ஐந்து வருடத்தில் ஒரு நாளும் வீட்டுக்குள் சிறுநீர் போகாத நாய் விறாந்தை முழுக்கப் போகிறது. எவ்வளவு போட்டாலும் பசி, அம்மாவின் விரதச் சோற்றைக்கூடத் தட்டோடு இழுத்துவிட்டான். போன் எடுத்துக் கேட்டேன். "அது நஞ்சு வெளியால போகுது அக்கா, நல்ல அறிகுறி." நம்பினேன். பன்னிரண்டாம் நாள் போத்தல் முடிந்தது. பதினைந்தாம் நாள் பழைய சொறி இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது.

அதற்கிடையில் என் மகன் அந்தச் சாப்பாட்டுப் பையின் பின்பக்கத்தில் ஒட்டியிருந்த ஸ்ரிக்கரை ஈரத்துணியால் நனைத்து உரித்துப் பார்த்தான். பதினாலு வயது, எதையும் உரிக்காமல் விடமாட்டான். ஸ்ரிக்கரில் சல்மன், உருளைக்கிழங்கு. கீழே அச்சடித்த உண்மையான பட்டியலில் இரண்டாவதாக இருந்தது கோழி இறைச்சித் தூள். அறிக்கையில் கோழிக்குத்தானே பெரிய சிவப்பு? அவர்களின் அறிக்கைப்படியே பார்த்தாலும் அவர்கள் விற்றது நஞ்சு.

படம் எடுத்து அனுப்பினேன். இரண்டு நீலக் கோடு, பதில் இல்லை. அடுத்த நாள் அழைத்தேன். "சேர் கொழும்புக்குப் போயிட்டார், வந்தோண்ண கதைப்பார்." அதற்கு அடுத்த நாள் வேறொரு பிள்ளை எடுத்தா: "கோழித் தூள் வேற அக்கா, கோழி வேற." வேறொரு தொகுதிப் பை மாறி வந்திருக்கும் என்று ஒருமுறை. மூன்று மாதம் தொடர்ந்து குடுத்தால்தான் தெரியும், இன்னொரு பை அனுப்பவா என்று ஒருமுறை. காசைத் திருப்பித் தாருங்கள் என்றதும் "திறந்த பையை எடுக்க ஏலாது" என்றார்கள். திறக்காமல் நாய்க்கு எப்படிக் கொடுப்பது என்று கேட்டேன். போன் வைக்கப்பட்டது.

கடைசியாக ஒரு தரம் அந்த முதல் பெடியனே எடுத்தார். குரல் எனக்கு நல்ல பாடம். "தம்பி, நான் ரைகரின்ர அம்மா கதைக்கிறன்" என்றேன். "எந்த ரைகர்?" என்றார். அன்றைக்குப் பின்னேரம் என்னை புளொக் பண்ணிவிட்டார்கள்.

அடுத்த நாள் லீவு போட்டு, ஓட்டோக்காரருக்கு இரட்டைக் காசு கொடுத்து, வைத்தியரிடம் கொண்டுபோனேன். முதல் நாளே செய்திருக்க வேண்டியது. அவர் அறிக்கையைப் பார்க்கவே இல்லை. பேன் சீப்பு ஒன்றை எடுத்து வால் அடியில் இரண்டு இழுப்பு இழுத்தார். கறுப்பு மிளகுத் தூள் மாதிரி விழுந்தது. அதை ஈரப் பஞ்சில் தட்டினார். சிவப்பாகக் கரைந்து பரவியது. தெள்ளுப் பூச்சியின் கழிவு, உள்ளே இருப்பது குடித்த இரத்தம். தெள்ளின் எச்சிலுக்கு ஒவ்வாமை உள்ள நாய்க்கு ஒன்றிரண்டு கடித்தாலே போதுமாம், வால் அடியும் முதுகின் பின்பக்கமும்தான் அது முதலில் பிடிக்கும் இடமாம். நான் தெள்ளைக் கண்ணால் காணவில்லை, அதனால் இல்லை என்று இருந்தேன். நாய் நக்கி விழுங்கிவிடும் என்றார். முட்டையும் புழுவும் நாயில் இல்லை, பாயிலும் சாக்கிலும் படுக்கும் மண்ணிலும் என்றார். பிறகு தோலைச் சுரண்டி உண்ணிச்சொறி இருக்கிறதா என்று பார்த்தார், காதுக்குள் பஞ்சு விட்டுப் பூஞ்சணத்தை எடுத்தார். எல்லாம் இருபது நிமிடம்.

துளிப் போத்தலைக் கொடுத்தேன். முன்னால் ஒரு இலைப் படம், என்ன கலந்தது என்று ஒரு எழுத்தும் இல்லை. தண்ணீர், சிறுநீர், பசி, மூன்றே நாளில் சொறி நின்றது என்று கேட்டதும் அவர் முகம் மாறியது. சொறியைச் சட்டென்று அடக்கி, தாகத்தையும் பசியையும் கூட்டிவிடும் ஸ்டீரோயிட் மருந்து கலந்திருக்கலாம் என்று சந்தேகப்படுகிறார். அப்படியென்றால் திடீரென்று நிற்பாட்டினதும் பிழை, படிப்படியாகக் குறைத்திருக்க வேண்டும். நல்ல காலம் ரைகர் விழுந்து படுக்கவில்லை. போத்தல் இப்போது அவரிடம்.

அந்த மயிர், எச்சில் பரிசோதனையைப் பற்றி அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் இது ஊர்க் கதை இல்லை. 2019ல் வெளியான ஒரு ஆய்வில், ஒவ்வாமை உள்ள நாய், இல்லாத நாய் இரண்டின் மாதிரிகளோடு செயற்கை மயிரையும் உப்புத் தண்ணீரையும் சேர்த்து அனுப்பிப் பார்த்திருக்கிறார்கள். செயற்கை மயிருக்கும் ஒவ்வாமைப் பட்டியல் வந்ததாம். இதற்குத்தான் நான் 18,500 கட்டினேன்.

சாப்பாட்டு ஒவ்வாமை ரைகருக்கு இல்லவே இல்லை என்றும் அவர் சொல்லவில்லை. காதும் பாதமும் கெட்டிருப்பதால் அதுவும் சேர்ந்திருக்கலாமாம். நாய்களுக்கு அதிகம் ஒத்துக்கொள்ளாதது மாட்டிறைச்சி, பால், கோழி, கோதுமை. அதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, இதுவரை தின்னாத ஒரு இறைச்சியும் ஒரு கிழங்கும் மட்டும் எட்டுக் கிழமை கொடுத்துப் பார்ப்பது. பிஸ்கட் துண்டு இல்லை, பால் சொட்டு இல்லை. ஆறினால் பழைய சாப்பாட்டைத் திருப்பிக் கொடுத்து, சொறி வருகிறதா என்றும் பார்க்க வேண்டும், அப்போதுதான் உறுதி. எங்கள் வீட்டில் மீனும் கோழியும் ஆடும் தின்றுவிட்டான், மிச்சம் பன்றிதான். பன்றியும் வற்றாளங்கிழங்கும். அம்மா தன் அடுப்பில் பன்றி ஏறக்கூடாது என்று சத்தியம் வாங்கிவிட்டா, கிணற்றடியில் மூன்று கல் வைத்து அவிக்கப் போகிறேன். அது தெள்ளு வேலை முடிந்த பிறகு. ரைகருக்கும் வீட்டுப் பூனைக்கும் சேர்த்துத் தெள்ளு மருந்து. நாய் மருந்தைப் பூனைக்குப் போட்டுவிடாதீர்கள், பூனை செத்துப்போகும் வகைகளும் இருக்கிறதாம். பாய், சாக்கு எல்லாம் சுடுதண்ணீரில் அவித்தாயிற்று.

பொலிஸில் முறைப்பாடு எழுதிக் கொடுத்தேன். பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற எண்ணில் சொல்லலாம் என்றார்கள், சொல்லியிருக்கிறேன். வங்கிச் சிட்டையை வைத்திருந்ததால் அதாவது முடிந்தது.

என்னென்ன செய்ய வேண்டும் என்று பெரிதாக எழுத இருந்தேன், ஏலவில்லை. மயிரும் எச்சிலும் கேட்டால் காசு போடாதீர்கள். என்ன கலந்தது என்று எழுதாத துளியை நாயின் வாயில் விடாதீர்கள். பையின் ஸ்ரிக்கரைக் காசு கொடுக்கமுதல் உரித்துப் பாருங்கள். நாயைத் தொட்டுப் பார்க்காதவர் சொல்வதை நம்பாதீர்கள், பெயர் சொல்லிக் கேட்டாலும். பேன் சீப்பு ஒன்று வாங்கி வையுங்கள், திருநெல்வேலிச் சந்தையில் இருக்கிறது. 46,800 ரூபா இல்லை.

ரைகர் கதவைப் பிறாண்டுகிறான். இன்றைக்கு இது ஐந்தாவது தரம், இப்போது திறக்காவிட்டால் விறாந்தை போய்விடும்.