சுழல் பன்ட்டா, டிராப் பன்ட்டா?

அமெரிக்கக் கால்பந்தில், கையிலிருந்து விட்ட பந்து தரையைத் தொடும் முன்பே உதைத்து எதிரணியிடம் தொலைவாகத் தள்ளிவிடுவதுதான் பன்ட். அதில் தூரம் வேண்டுமென்றால் சுழல் பன்ட்தான். பந்தைக் கிடையாகப் பிடித்து, முனையைக் கொஞ்சம் உள்பக்கம் திருப்பிவிட்டு, பாதத்தின் மேற்புறத்தால் உதைக்க வேண்டும். சரியாகப் பட்டால் காற்றைக் கிழித்துக்கொண்டு போகும். கையிலிருந்து விடும்போது துளி கோணினாலும் போச்சு.

டிராப் பன்ட் ஆஸ்திரேலியக் கால்பந்தின் உதை. 1995இல் சான் டியேகோ சார்ஜர்ஸ் அணிக்கு ஆட வந்த டேரன் பென்னட் அதை அமெரிக்கத் தொழில்முறைக் கால்பந்துத் தொடரான என்எஃப்எல்லில் பிரபலமாக்கினார். பந்தைச் செங்குத்தாக விட்டு அடிமுனையில் உதைத்தால், பின்பக்கமாகக் குட்டிக்கரணம் போட்டபடி பறக்கும். தூரம் குறைவு. ஆனால் விழுந்ததும் பெரும்பாலும் முன்னே ஓடாது. மேலே எழும்பும், சிலசமயம் திரும்பியே வரும். எதிரணியின் எண்ட் சோனுக்குள், அதாவது களத்தின் கடைசிப் பகுதிக்குள், உருண்டால் அவர்களுக்கு அங்கிருந்து 20 யார்டு முன்னே பந்து கிடைத்துவிடுமே! அதனால் நடுக்களத்திலிருந்து உதைக்க என் ஓட்டு டிராப் பன்ட்டுக்கே. சொந்த எண்ட் சோன் அருகே மாட்டிக்கொண்டால் மட்டும் சுழல் பன்ட்.