ஃபாரா, வொயிலா? ஏற்காட்டு வளைவுகளில் ஒரு பைத்தான் கணக்கு

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். பைத்தான் என்ற நிரல்மொழியைப் படிக்க ஆரம்பித்திருந்த அண்ணன் மகளிடம் 1 முதல் 20 வரை அந்த வளைவு எண்களைத் திரையில் வரவை என்றேன். நிபந்தனை உண்மையாக இருக்கும்வரை திரும்பத் திரும்ப ஓடும் வொயிலில் (while) எழுதினாள். வளைவு 1-இல் தொடங்கு, 20-ஐத் தாண்டாதவரை ஓடு. எல்லாம் சரி, எண்ணோடு ஒன்றைக் கூட்டும் வரியை மட்டும் விட்டுவிட்டாள். திரை முழுக்க 1, 1, 1.

"வண்டி முதல் வளைவுலயே நிக்குது சித்தப்பா!"

கன்ட்ரோலையும் சி-யையும் சேர்த்து அழுத்தி நிறுத்தினோம்.

இந்த வேலைக்கு, வரிசையில் உள்ளதை ஒவ்வொன்றாக எடுத்து ஓடும் ஃபார் (for) தான். எத்தனை சுற்று என்பது கையில் இருக்கிறது. எண்ணைக் கூட்டும் பொறுப்பை ஃபாரே எடுத்துக்கொள்ளும். ஆனால் எண்களை வரிசையாகத் தரும் ரேஞ்சுக்குள் (range) 1, 20 என்று கொடுத்தால் 19-ஓடு நின்றுவிடும், கடைசி எண் சேராது. ஊர் போய்ச் சேர 21 என்று கொடுக்கணும். வெறும் 20 மட்டும் கொடுத்தாலும் இருபது எண்கள் வரும், ஆனால் 0-இல் தொடங்கும். பூஜ்யமாவது வளைவை எந்த டிரைவரும் பார்த்ததில்லை.

அப்போ வொயில் எதற்கு? சேலத்துத் தட்டுவடை செட் கடையில் நிற்பவர் எத்தனை செட் சாப்பிடுவார் என்று அவருக்கே தெரியாது. "இன்னொண்ணு?" என்று கேட்டுக்கொண்டே இருக்கணும், "போதும்" வந்தால் நிறுத்தணும். முதலில் ஒரு தடவை செய்துவிட்டுப் பிறகு நிபந்தனையைப் பார்க்கும் சுற்று சி மொழியில் உண்டு, பைத்தானில் கிடையாது. அதனால் நிபந்தனை எப்போதும் உண்மை என்று சொல்லும் வொயில் ட்ரூ (while True) என்று திறந்துவிட்டு, "போதும்" வந்ததும் சுற்றை விட்டு வெளியேற்றும் பிரேக் (break) போடுவது வழக்கம்.

வொயிலில் நம்மவர்கள் வழுக்குவது 'வரை' என்ற சொல்லில். மலையில் பனி இறங்கினால் "பனி விலகும் வரை நில்லு" என்போம். "பனி இருக்கும் வரை நில்லு" என்றாலும் அதே அர்த்தம்தான். தமிழுக்கு இரண்டும் ஒன்று. வொயிலுக்கு இரண்டாவது மட்டும்தான் புரியும். நிபந்தனையில் 'பனி விலகியது' என்று எழுதினால், பனிக்குள் ஒரு சுற்றுகூட நிற்காமல் வண்டி கிளம்பிவிடும். வொயில் எழுதும்போது 'இருக்கும் வரை' என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பது என் பழக்கம்.

அடுத்தது இஃப் (if, 'இப்படி இருந்தால்'), எலிஃப் (elif, 'அது இல்லை, இப்படி இருந்தால்'). மாம்பழத்தை எடை பார்த்துப் பிரிக்கிறோம்: 200 கிராமுக்கு மேல் சிறிசு, 300-க்கு மேல் நடுத்தரம், 400-க்கு மேல் பெரிசு. மூன்றையும் தனித்தனி இஃபாக எழுதினால் 450 கிராம் பழம் மூன்று கூடையிலும் விழும். எலிஃப் போட்டால் ஒன்றில்தான் விழும், ஆனால் முதலில் பொருந்துவதில். 200-இல் தொடங்கினால் பெரிய பழமும் சிறிசாகிவிடும். பெரிசிலிருந்து இறங்கி வாருங்கள். மல்கோவாவா, இமாம்பசந்தா என்று பெயரை வைத்துப் பிரிப்பதற்கு, 2021-இல் பைத்தான் 3.10-ஓடு வந்த மேட்ச் (match) என்ற கட்டளை பார்க்க அழகாக இருக்கும். புதிதாகப் படிப்பவர் அதற்கு அவசரப்பட வேண்டாம்.

ஃபாரிலும் ஒரு குழி உண்டு, நானே விழுந்தது. பட்டியலில் நல்லது, அழுகல், அழுகல், நல்லது என்று நான்கு பழங்கள். ஃபாரில் ஓடிக்கொண்டே அழுகலை நீக்கச் சொன்னேன். முதல் அழுகல் போனதும் அடுத்தது அதன் இடத்துக்கு நகர்ந்துவிட்டது. ஃபாரோ அந்த இடத்தை ஏற்கெனவே பார்த்தாயிற்று என்று தாண்டிப் போய்விட்டது. ஓட்டம் முடிந்தபின்னும் ஒரு அழுகல் உள்ளேயே இருந்தது, பிழைச்செய்தி எதுவும் இல்லாமல். இப்போதெல்லாம் பழைய பட்டியலைத் தொடுவதில்லை. நல்ல பழங்களைப் பொறுக்கிப் புதுக் கூடையில் போட்டுக்கொள்கிறேன்.