சமயப் பள்ளிக்கு அரசுப் பணம்: ஒன்ராறியோவின் மூன்று வழிகளும் நான் நிற்கும் வழியும்

2007 இலையுதிர் காலத்தில் எங்கள் வீட்டில் இரண்டு முடிவுகள் ஒன்றாக எடுக்க வேண்டியிருந்தது. மூத்தவன் எட்டாம் வகுப்பு. அடுத்த வருடம் அவனைப் பொது உயர்நிலைப் பள்ளிக்கு அனுப்புவதா, கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளிக்கு அனுப்புவதா என்று யோசித்துக்கொண்டிருந்தோம். கனடாவில் எங்கள் ஒன்ராறியோ மாகாணத்துக்கு அக்டோபர் 10 தேர்தல். அந்தத் தேர்தலில் மற்ற எல்லாவற்றையும் மூடி நின்ற கேள்வியும் இதேதான்: ஒரு சமயத்தின் பெயரில் நடக்கும் பள்ளிக்கு எல்லோருடைய வரிப்பணமும் போகலாமா?

ஒன்ராறியோவில் அரசுச் செலவில் நடக்கும் பள்ளிகள் நான்கு வகை. ஆங்கிலப் பொதுப் பள்ளி, ஆங்கிலக் கத்தோலிக்கப் பள்ளி, பிரெஞ்சு மொழியில் அதே இரண்டும். இவற்றை நடத்துபவை மொத்தம் 72 கல்விச் சபைகள், அவற்றில் 37 கத்தோலிக்க சபைகள். யூத, முஸ்லிம், சீக்கிய, இந்துப் பள்ளிகளும் கத்தோலிக்கரல்லாத கிறிஸ்தவர்களின் பள்ளிகளும் தனியார் பள்ளிகள். அரசிடமிருந்து அவற்றுக்குப் பள்ளி நிதி கிடையாது. காரணம் 1867 அரசியலமைப்பின் 93ஆம் பிரிவு. கியூபெக்கில் சிறுபான்மையாக இருந்த புரட்டஸ்தாந்தர்களையும் ஒன்ராறியோவில் சிறுபான்மையாக இருந்த கத்தோலிக்கர்களையும் காப்பதற்காகக் கனடா பிறந்தபோது செய்துகொண்ட உடன்பாடு அது. உயர்நிலைப் பள்ளியின் கடைசி வகுப்புகள் வரை கத்தோலிக்கப் பள்ளிகளுக்கு முழு நிதி தருவதாக 1984இல் முதல்வர் பில் டேவிஸ் அறிவித்தார். 1987இல் உச்ச நீதிமன்றமும் அது செல்லும் என்றது.

2007இல் எதிர்க்கட்சித் தலைவராக இருந்த ஜோன் ரோரி, மற்றச் சமயப் பள்ளிகளையும் அரசு நிதிக்குள் கொண்டுவருவேன் என்றார். மாகாணப் பாடத்திட்டத்தைப் படிப்பிக்க வேண்டும், தகுதிபெற்ற ஆசிரியர்கள் வேண்டும், பொதுத் தேர்வுகள் நடத்த வேண்டும் என்பவை நிபந்தனைகள். ஏறக்குறைய 53,000 மாணவர்கள், வருடத்துக்கு 400 மில்லியன் டொலர் என்று கணக்குச் சொன்னார்கள். லிபரல் கட்சி முதல்வர் மக்கின்ரி, இருக்கிறபடியே இருக்கட்டும் என்றார். பசுமைக் கட்சி மூன்றாவது வழியைச் சொன்னது: எல்லோருக்கும் ஒரே பொதுப் பள்ளி முறை. வாக்களிப்புக்கு ஒன்பது நாள் இருக்கும்போது ரோரி தன் கட்சிக்குள்ளேயே எழுந்த எதிர்ப்பைப் பார்த்து, சட்டமன்றத்தில் அவரவர் மனச்சாட்சிப்படி வாக்களிக்கலாம் என்று இறங்கி வந்தார். பயனில்லை. 107 இடங்களில் லிபரல்களுக்கு 71, அவருடைய கட்சிக்கு 26. டொன் வலி மேற்குத் தொகுதியில் அன்றைய கல்வி அமைச்சர் கத்லீன் வினிடம் ரோரி தானும் தோற்றார்.

நான் அன்று லிபரலுக்குத்தான் வாக்களித்தேன். ரோரியின் திட்டம் பயமாக இருந்தது, அவ்வளவுதான். இருக்கிறபடியே இருப்பது நியாயமா என்று அப்போது கேட்டுப் பார்க்கவில்லை. இன்று கேட்டால் மூன்றாவது வழியைத்தான் சொல்வேன். ஏன் என்று சொல்ல, மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது, இருக்கிறபடியே விடும் வழி. அதற்கு ஒரே பலம், அது ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது என்பது. பள்ளிகள் நல்ல பள்ளிகள், பெற்றோர் மனநிறைவோடு இருக்கிறார்கள், அரசியலமைப்பும் காவல். ஆனால் சமன் இல்லை. மற்றச் சமயங்களுக்கு நிதி கொடுக்கும் கடமை அரசுக்கு இல்லை என்று 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் ஒரு சமயத்துக்குக் கொடுத்து மற்றவற்றுக்கு மறுப்பது பாகுபாடு என்று 1999இல் ஐ.நா. மனித உரிமைக் குழு சொன்னது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் விளங்குவது, இது சட்டப்படி சரி, ஆனால் நியாயம் இல்லை.

இரண்டாவதான ரோரியின் வழியை நான் இப்போது லேசாகத் தள்ளிவிட மாட்டேன். என்னோடு வேலை செய்த முஸ்லிம் நண்பர் ஒருவர் இரண்டு பிள்ளைகளைத் தனியார் இஸ்லாமியப் பள்ளியில் படிப்பித்தார். மாதம் பிறந்தால் பள்ளிக் கட்டணம், அதோடு வீட்டு வரியில் பொதுக் கல்விக்கான பங்கு. “கத்தோலிக்கப் பிள்ளைக்குக் கொடுக்கிற அரசு என்ர பிள்ளைக்கு ஏன் தரேல்லை?” என்று அவர் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. ரோரி கேட்டதும் அதைத்தான். பிரிட்டிஷ் கொலம்பியா, தகுதிபெற்ற தனியார் பள்ளிகளுக்கு, சமயப் பள்ளிகள் உட்பட, 1977இலிருந்தே ஒரு பங்கு நிதி கொடுத்து வருகிறது. அந்த மாகாணம் அதனால் உடைந்துபோகவில்லை. நான் அங்கே பிள்ளை வளர்த்தவன் அல்லன் என்பதால் அதற்கு மேல் அந்த மாகாணத்தைப் பற்றி அடித்துச் சொல்ல மாட்டேன்.

சரி, எங்கள் வீட்டு முடிவுக்கு வருகிறேன். ரொறன்ரோவின் ஸ்காபரோவில் சைவப் பிள்ளைகள் கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளியில் படிப்பது சர்வசாதாரணம். அந்த வகுப்புகளுக்குக் கதவு எல்லோருக்கும் திறந்திருக்கிறது. கீழ் வகுப்புகளில் அப்படி இல்லை. ரொறன்ரோவில் பிள்ளையோ பெற்றோரில் ஒருவரோ கத்தோலிக்கர் என்று காட்ட ஞானஸ்நானப் பத்திரம் வேண்டும். எங்கள் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி மன்னார்க் கத்தோலிக்கக் குடும்பம் ஒன்று. அவர்களின் மகளும் என் மகனும் ஒரே வயது, பின்னேரம் முழுக்க ஒன்றாக விளையாடுவார்கள். காலையில் ஒரே தெருமுனையில் நின்று, ஐந்து நிமிட இடைவெளியில் வரும் இரண்டு மஞ்சள் பஸ்களில் ஏறிப் போவார்கள். பாலர் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை ஒரு நாள்கூட ஒரே கூரையின் கீழ் படிக்கவில்லை. பனி கொட்டுகிற நாளில் அவள் பஸ் முதலில் வந்துவிடும். இவன் தனியாக நிற்பான்.

உயர்நிலைக்கு இரண்டு பள்ளிகளையும் போய்ப் பார்த்தோம். கத்தோலிக்கப் பள்ளி வாசலில் மாதா சுரூபம், அதன் காலடியில் யாரோ வைத்த புதுப் பூ. சீருடையில் பிள்ளைகள் வரிசையாக நின்று வரவேற்றார்கள். மனைவிக்குப் பிடித்துவிட்டது. “ஒழுங்கு இருக்கு” என்றார். எங்கள் ஆட்கள் பலரும் இதே ஒற்றைச் சொல்லைத்தான் சொல்வார்கள். பொதுப் பள்ளியில் சத்தம் கூட, நடைபாதை அகலம், தொழிற்பயிற்சிக் கூடம் பெரியது. பாடத்திட்டம் இரண்டிலும் மாகாணத்துடையதுதான். கத்தோலிக்கப் பள்ளியில் சமய பாடம் சேர்த்து எடுக்க வேண்டும். மற்றச் சமயப் பிள்ளைகள் விலக்குக் கேட்கலாம் என்று சட்டம் இருந்தும் அதைப் பெற ஒரு தகப்பன் நீதிமன்றம் வரை போய் 2014இல்தான் வென்றார். கடைசியில் வீட்டுக்குக் கிட்ட என்பதற்காகப் பொதுப் பள்ளியில் சேர்த்தோம். படிப்பில் குறை வைக்கவில்லை. மற்றப் பள்ளியிலும் வைத்திருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

ஆகவே படிப்பின் தரத்தை வைத்து நான் எந்தப் பக்கமும் சாயவில்லை. என்னைச் சாய்த்தது ஆசிரியர் வேலை.

என் அக்காவின் மகள் இங்கே பிறந்து வளர்ந்து, பல்கலைக்கழகம் முடித்து, ஆசிரியர் பயிற்சியும் முடித்தவள். வேலை தேடிய வருடம் பொதுச் சபைகளில் இடம் மிகக் குறைவு. கத்தோலிக்க சபை ஒன்றின் விண்ணப்பத்தை என் சாப்பாட்டு மேசையில் வைத்துத்தான் நிரப்பினாள். படிப்பு, பயிற்சி, பொலிஸ் சான்று எல்லாம் சரி. அடுத்த பக்கத்தில் பங்குத் தந்தையின் கடிதம் கேட்டிருந்தது. விண்ணப்பிப்பவர் கத்தோலிக்க வாழ்வு வாழ்கிறார் என்று அவர் எழுதித் தர வேண்டும். பேனாவை மூடி வைத்துவிட்டு, “மாமா, எனக்கு ஆர் எழுதித் தருவினம்?” என்று கேட்டாள். கத்தோலிக்க சபைகள் தங்கள் சமயத்தவரை முதலில் எடுப்பது அரசியலமைப்பு தந்த உரிமை என்று ஒன்ராறியோ மேல்முறையீட்டு நீதிமன்றமும் 1999இல் ஏற்றிருக்கிறது. மாகாணத்தின் அரசுப் பள்ளி மாணவர்களில் பத்துக்கு மூன்று பேர் அளவில் படிப்பது அந்தப் பள்ளிகளில். சம்பளம் கொடுப்பது மாகாணம், அவளுடைய அப்பாவின் வரியும் அதில் இருக்கிறது. அவள் மட்டும் அந்தக் கடிதம் இல்லாதவள். நிரப்பாத பக்கத்தோடு விண்ணப்பம் என் வீட்டு அலுமாரியில் பல காலம் கிடந்தது.

அப்பா உயிரோடு இருந்தபோது இதைச் சொன்னேன். அவர் யாழ்ப்பாணத்தின் வடமராட்சியில் ஆசிரியராக இருந்தவர். கேட்டதும், “அப்ப மனேச்சர் காலம்தான் திரும்பி வந்திருக்கு” என்றார். 1960 வரை இலங்கையில் உதவி நன்கொடை பெற்ற பள்ளிகள் அப்படித்தான் நடந்தன. சம்பளம் அரசுடையது, நியமனம் மனேச்சருடையது. மிஷன் பள்ளியில் மிஷனுக்கு வேண்டியவர், சைவப் பள்ளியில் சைவர். ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியதே, படிப்புக்காகச் சமயம் மாற வேண்டிய நிலை எம் பிள்ளைகளுக்கு வரக்கூடாது என்றுதான். அது பெரிய காரியம். ஆனால் அப்பா சொன்னது அதற்கடுத்த தலைமுறைகளின் கதை. படித்துவிட்டு மனேச்சர் வீட்டுப் படலையில் காத்து நின்றவர்கள், தங்கைக்குக் கல்யாணம் பேசும் நேரத்தில் வேலைக்காக வேதத்துக்கு, அதாவது கிறிஸ்தவத்துக்கு, மாறிப் போனவர்கள். 1960 டிசம்பரில் அரசு பள்ளிகளைப் பொறுப்பேற்றபோது கத்தோலிக்கப் பெற்றோர் பள்ளிக் கட்டடங்களுக்குள் போயிருந்து எதிர்த்தார்கள். அவர்களின் வலியையும் அப்பா மறுக்கவில்லை. அரசு கையில் போனதால் வேறு கேடுகள் வந்ததையும் மறுக்கவில்லை. “ஆனா அதுக்குப் பிறகு ஒருத்தரும் என்னட்டை எந்தக் கோயிலுக்குப் போறாய் எண்டு கேக்கேல்லை” என்றார்.

ரோரியின் திட்டத்தை இந்தக் கண்ணால் பார்த்தால் அதன் நியாயம் எங்கே நிற்கிறது என்று தெரியும். என் நண்பரின் கட்டணச் சுமை இறங்கும், அது உண்மை. ஆனால் தன் சமயத்தவரையே சேர்த்து, தன் சமயத்தவரையே வேலைக்கு எடுக்கும் பள்ளிகள் ஒன்றுக்குப் பதில் ஏழெட்டு வகையாகும். என் மருமகளுக்கு ஓர் இந்துப் பள்ளியில் வேலை கிடைக்கலாம். அந்தப் பள்ளியில் நண்பரின் மகளுக்குக் கிடைக்காது. தெருமுனையில் இரண்டு பஸ் நான்காகும்.

மூன்றாவது வழி வெறும் கனவு என்று சொல்பவர்கள் வேறு இரண்டு மாகாணங்களைப் பார்க்கலாம். நியூஃபவுண்ட்லாந்தில் பள்ளிகள் முழுக்கக் கிறிஸ்தவத் திருச்சபைகளின் கையில் இருந்தன. 1997 செப்டம்பரில் மக்களிடமே கேட்டார்கள். 73 சதவீதம் பேர் பொதுப் பள்ளி முறைக்கு ஆம் என்றார்கள். கியூபெக் அதே வருடம் 93ஆம் பிரிவின் கல்விக் கட்டுப்பாட்டிலிருந்து தன்னை விடுவித்துக்கொண்டு, அடுத்த வருடம் கத்தோலிக்க, புரட்டஸ்தாந்து சபைகளை ஆங்கில, பிரெஞ்சு மொழிச் சபைகளாக மாற்றியது. 1867இல் கொடுத்துக்கொண்ட வாக்கில் கியூபெக்கின் பக்கம் அத்தோடு முடிந்தது. ஒன்ராறியோவின் பக்கம் மட்டும் நிற்கிறது.

இதில் இழப்பு இல்லை என்று நான் சொல்லமாட்டேன். மன்னார்க் குடும்பத்து அக்காவிடம் இதைப் பேசியபோது அவர் முகம் மாறியது. அவர் மகளுக்கு முதல் நன்மை என்ற கத்தோலிக்கச் சடங்கு நடந்தபோது வகுப்பு முழுவதும் கோயிலுக்கு வந்து பாடியது. சமயமும் பள்ளியும் அவருக்கு ஒரே வாழ்வு. பொதுப் பள்ளி அதைத் தராது, மறைக்கல்வி ஞாயிற்றுக்கிழமைக்கு ஒதுங்கிவிடும். ஒன்ராறியோவின் வடக்கில் சிறு ஊர்களில் பிரெஞ்சுக் கத்தோலிக்கப் பள்ளிதான் அந்த மொழிக்கே காவல் என்பார்கள். நான் ரொறன்ரோவைத் தாண்டி வாழ்ந்ததில்லை, அந்த ஊர்க்காரர் சொல்லை எடுத்துக்கொள்ளத்தான் வேண்டும். பிரெஞ்சுப் பொதுச் சபைகள் அந்தக் காவலை ஏற்க வேண்டும் என்பது என் விருப்பம்.

சட்டவழி, பலர் நினைப்பதுபோலப் பத்து மாகாணங்களும் கூட வேண்டியதில்லை. கியூபெக் செய்ததுபோல ஒன்ராறியோ சட்டமன்றம் ஒரு தீர்மானம் நிறைவேற்ற, ஒட்டாவாவில் உள்ள கனடா நாடாளுமன்றம் ஒப்பினால் போதும். இதைத் தெரிந்துகொண்ட பிறகு, ஒவ்வொரு மாகாணத் தேர்தலிலும் வாசலுக்கு வருகிற வேட்பாளர்களை நிறுத்தி, கட்சி பார்க்காமல், அந்தத் தீர்மானத்துக்குக் கை தூக்குவீர்களா என்று கேட்கிறேன். பெரும்பாலானோர் வீதி பழுதுபார்ப்பதைப் பற்றிப் பேசத் தொடங்குவார்கள். ஒரே ஓர் இளைஞர் மட்டும் வாசற்படியில் நின்று, தான் கத்தோலிக்கப் பள்ளியில் படித்தவர் என்றும், இந்தக் கேள்வியைத் தன்னிடம் யாரும் கேட்டதில்லை என்றும் சொல்லி, என் மருமகளின் கதையை முழுக்கக் கேட்டுவிட்டுப் போனார்.