நாக்ஸ் சென்சார் வாங்கியது மூன்று, தேவைப்பட்டது ஒன்று

2021-ல் எடுத்த பிஎஸ்6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) லாரி, பன்னிரண்டு சக்கரம், நாமக்கல்லிலிருந்து வடக்கு லைன் ஓடுகிறது. எஞ்சின், கியர் பாக்ஸ் எதிலும் பெரிய செலவு வைக்கவில்லை. காசைத் தின்றதெல்லாம் சைலன்ஸரில் சொருகியிருக்கும் கட்டைவிரல் அளவு சாமான்தான்: நாக்ஸ் சென்சார், அதாவது புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடை (நாக்ஸ்) அளப்பது.

முதல் தொந்தரவு தொப்பூர் ஏற்றத்தில். மஞ்சள் லைட் எரிந்தது, கொஞ்ச நேரத்தில் பிக்கப்பும் குறைந்தது. சர்வீஸ் சென்டரில் ஸ்கேனர் போட்டார்கள், பி20ஈஈ (P20EE) என்று எரர் கோடு வந்தது. பின் சென்சாரை மாற்றி பில் போட்டார்கள். இரண்டே வாரத்தில் அதே லைட், அதே கோடு.

அந்தக் கோடு சென்சார் கெட்டுவிட்டது என்று சொல்வதே இல்லை. எஸ்சிஆர், அதாவது யூரியாக் கரைசலைத் தெளித்து நாக்ஸைக் குறைக்கும் பகுதி, புகையைச் சரியாகச் சுத்தம் செய்யவில்லை என்றுதான் சொல்கிறது. எஸ்சிஆருக்கு முன்னால் ஒரு நாக்ஸ் சென்சார், பின்னால் ஒன்று. முன்னால் வரும் அளவு பின்னால் நன்றாகக் குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை என்றால் யூரியாவில் குறை இருக்கலாம், தெளிக்கும் நாசிலில் உப்புக் கட்டியிருக்கலாம். பின் சென்சார் பாவம், உள்ளதைத்தான் சொல்லியிருக்கிறது. யூரியா அளவுக்கு மேல் தெளித்தாலும் வம்புதான். மிஞ்சும் அம்மோனியாவையும் அது நாக்ஸ் என்றே கணக்கெடுக்கும்.

இதையெல்லாம் விளக்கியவர் எங்கள் ஊர் எலக்ட்ரீசியன். டேங்கிலிருந்து இரண்டு சொட்டு யூரியா எடுத்து ரிஃப்ராக்டோமீட்டரில் (கரைசலின் அடர்த்தி பார்க்கும் கருவி) பார்த்தார். 32.5 சதவீதம் இருக்க வேண்டியது 24 காட்டியது. டிரைவர் வழியில் எங்கோ சீல் இல்லாத கேனில் வாங்கி ஊற்றியிருக்கிறார். டேங்கைக் காலி செய்து, நாசிலைக் கழற்றி வெந்நீரில் ஊறப்போட்டதோடு பிரச்சினை தீர்ந்தது. கழற்றிய பழைய சென்சாரை நான் கேட்டு வாங்கவில்லை. அந்த வயிற்றெரிச்சல் இன்னும் போகவில்லை.

ஏனென்றால் எட்டு மாதம் கழித்துப் பின் சென்சார் நிஜமாகவே செத்தது. வாட்டர் சர்வீஸில் சைலன்ஸர் வாய்க்குள் பிரஷர் கன்னை வைத்துத் தண்ணீர் அடித்திருக்கிறார்கள். உள்ளே இருப்பது பீங்கான். வேலை செய்யும்போது சுமார் 800 டிகிரி சூட்டில் இருக்கும். அதில் தண்ணீர் பட்டால் விரிசல்தான். இந்த முறை வந்த கோடும் சென்சாரைச் சூடாக்கும் ஹீட்டர் போய்விட்டது என்ற கோடு. வண்டி ஒரு மணி நேரம் ஓடிய பிறகும் லைவ் டேட்டாவில் அளவே வரவில்லை. விலையைப் பார்த்து மலிவான டூப்ளிகேட் போட்டேன். நான்கே மாதம். பிறகு அதே பார்ட் நம்பரில் ஒரிஜினல். முன்னும் பின்னும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், நம்பர் வேறு.

மாற்றுவது பெரிய வேலை இல்லை. சைலன்ஸர் இளஞ்சூடாக இருக்கும்போது கழற்றினால் மரை கெடாது. புதியதில் மரைக்கு மட்டும் சூடு தாங்கும் ஆன்டி-சீஸ் கிரீஸ் தடவ வேண்டும், முனையில் படக்கூடாது. ஒயரோடு வரும் சிறு பெட்டியும் சென்சாரின் பகுதிதான், வெட்டி ஒட்ட முடியாது. முடித்ததும் ஸ்கேனரில் ரீசெட் செய்யாவிட்டால் பழைய கணக்கிலேயே ஓடும்.

போன மழைக்காலத்தில் இரண்டு சென்சாரும் ஒரே நாளில் போனதாகக் காட்டியது. வெளியூர் ஒர்க்‌ஷாப்பில் இரண்டையும் மாற்றச் சொன்னார்கள். எலக்ட்ரீசியனுக்கு போன் போட்டேன். “அண்ணே, ரெண்டும் ஒண்ணா சாகாதுங்க, மொதல்ல ஃபியூஸப் பாருங்க” என்றார். ஃபியூஸ் போயிருந்தது. கிளாம்ப் கழன்று ஒயர் சைலன்ஸர் பைப்பில் உரசி உருகியிருந்தது. செலவு 350 ரூபாய்.

சென்சாரே வேண்டாம், எல்லாம் சரி என்று பொய் அளவு காட்டும் எமுலேட்டர் பெட்டி மாட்டிவிடலாம் என்று ஒருவர் வந்தார். சட்டப்படி தப்பு. எஃப்சி-க்கு (தகுதிச் சான்று) போகும்போது யார் பதில் சொல்வது? வேண்டாம் என்றுவிட்டேன்.

கம்பெனியிலிருந்து வந்த முன் சென்சார் மட்டும் 3 லட்சம் கிலோமீட்டர் தாண்டியும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதை யாரும் தொடவில்லை.