860 டாலர், நாலு ‘புது’ டயர்: ட்ரெய்லர் வைத்திருப்பவர்கள் ஏமாறாதீர்கள்

முந்தாநாள் நடந்தது இது. கோபம் இன்னும் அடங்கவில்லை, எழுத்து முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் டொராண்டோ பக்கம். எங்களிடம் பழைய கேம்பிங் ட்ரெய்லர் ஒன்று இருக்கிறது. இரண்டு அச்சு, நாலு சக்கரம். ஆகஸ்ட் நீண்ட வார இறுதிக்கு அல்கோன்குவின் பூங்காவில் இடம் பிடித்திருந்தோம். கிளம்புவதற்குப் பத்து நாள் முன்பு பார்த்தால் டயர் பக்கவாட்டில் எல்லாம் மெல்லிய வெடிப்பு. டயர் கடைகளில் கேட்டால் இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னார்கள். அப்போதுதான் பழைய சாமான் வாங்கி விற்கும் ஒரு செயலியில் அந்த விளம்பரம் கண்ணில் பட்டது. வீட்டுக்கே வந்து மாற்றித் தருவாராம்.

போனில் என் பெயரைக் கேட்டதும் அந்த ஆள் தமிழுக்கு மாறினார். நான் விழுந்தது அங்கேதான். “அண்ணா, கார் டயர் எல்லாம் இதுக்கு ஆகாது. எஸ்டி டயர்தான் போடணும். உங்களுக்கு 205/75 ஆர்15, லோடு ரேஞ்ச் டி, காத்து 65 பிஎஸ்ஐ” என்றார். சொன்னது அத்தனையும் சரி! எஸ்டி என்றால் ட்ரெய்லருக்கென்றே செய்வது, பக்கச் சுவர் கெட்டியாக இருக்கும். லோடு ரேஞ்ச் என்பது எவ்வளவு பாரம் தாங்கும் என்பதற்கான குறியீடு. இவ்வளவு தெரிந்தவர் ஏமாற்றுவாரா என்று நினைத்தேன். தெரிந்தவர்தான் ஏமாற்ற முடியும் என்பது உறைக்கவில்லை.

டயர் ஒன்று 190, நாலுக்கு 760, மாற்றக் கூலி 100. மொத்தம் 860 டாலர். செயலி வழியாகக் கட்டினால் கமிஷன் போகும், வங்கிக் கணக்கிலிருந்து நேரே இ-டிரான்ஸ்ஃபர் போடுங்கள் என்றார். போட்டேன். பில் கேட்டதற்கு, “நமக்குள்ள எதுக்குண்ணா பில்? குடும்பத்தோட போறீங்க, உங்களுக்குப் போய் மட்டமான சரக்கு போடுவேனா?” என்றார். என் மனைவி டீ போட்டுக் கொடுத்தாள். ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்தது. டயர் நாலும் பளபளவென்று கருப்பாக மின்னின.

வெள்ளிக்கிழமை 400ஆம் நெடுஞ்சாலையில் ஏறி, பாரி நகரில் 11ஆம் நெடுஞ்சாலைக்குத் திரும்பி, ஓரில்லியாவை நெருங்கும்போது வலப்பக்கம் துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தால் பின் டயர் தார் தாராகக் கிழிந்து, மட்கார்டைப் பெயர்த்து, உள்ளே ஓடிய விளக்கு வயரையும் அறுத்திருக்கிறது. கீழே குனிந்து பார்த்தபோதுதான் அந்த எண் தெரிந்தது. டாட் (DOT) என்று தொடங்கும் எழுத்து வரிசையின் கடைசி நாலு இலக்கம்: 3214. அதாவது 2014இன் 32ஆவது வாரம் செய்த டயர். அந்த முழு எண் பெரும்பாலும் டயரின் ஒரு பக்கத்தில்தான் இருக்கும். நாலு டயரிலும் அந்தப் பக்கம் உள்ளே போகும்படி மாட்டியிருக்கிறார். தற்செயலா? நாலுமா?

நல்ல வேளை, பழைய ஸ்டெப்னி இருந்தது. ட்ரெய்லரைக் காரிலிருந்து கழற்றாமல், நட்டுகளைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு, அதே பக்கத்து முன் சக்கரத்தைப் பலகை அடுக்கின் மேல் மெல்ல ஏற்றினால் பின் சக்கரம் தானாகத் தூக்கிக்கொள்ளும். அப்படித்தான் மாற்றினேன். மற்ற சக்கரங்களைத் தொட்டுப் பார்த்தால் ஒன்றில் இரண்டு நட்டு கையாலேயே சுற்றுகிறது. பின்சீட்டில் பிள்ளைகள். அல்கோன்குவின் போகவில்லை, ஊர்ந்து ஊர்ந்து வீடு திரும்பினோம்.

அப்புறம் ஆரம்பித்தது கூத்து. டயர் போட்டவர் முதலில் “ஓவர்லோடு ஏத்திருப்பீங்கண்ணா” என்றார். பிறகு “காத்து கம்மியா இருந்திருக்கும்.” எண்ணைப் படம் எடுத்து அனுப்பினேன். “சரக்கு குடுத்தவன்கிட்ட கேக்குறேன்.” அதோடு சரி, என் எண்ணை பிளாக் செய்துவிட்டார். செயலிக்காரர்களோ வெளியே கட்டிய பணத்துக்குப் பொறுப்பில்லை என்று ஒரே பதிலை மூன்று முறை அனுப்பினார்கள். வங்கியில் நாற்பது நிமிடம் பாட்டுக் கேட்க வைத்துவிட்டு, நீங்களே அனுப்பியது, அவர் எடுத்துக்கொண்டார், திருப்ப முடியாது என்றார்கள். 860 டாலர் போச்சு. மட்கார்டும் வயரும் தனிச் செலவு.

எப்படி டயர் வாங்க வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது முடியவில்லை. இவ்வளவு மட்டும்: மாட்டும் முன்பே அந்த நாலு இலக்கத்தைப் பாருங்கள், தரையில் படும் பகுதி தேயாமல் இருந்தாலும் ஐந்தாறு வருடம் தாண்டிய ட்ரெய்லர் டயர் வேண்டாம். நட்டை டார்க் ரெஞ்சால் (அளவு பார்த்து முறுக்கும் ஸ்பேனர்) முறுக்குகிறாரா என்று பக்கத்தில் நின்று பாருங்கள், 80 கிலோமீட்டர் ஓடியதும் நீங்களே ஒருமுறை முறுக்குங்கள். பில் இல்லாமல் காசு தராதீர்கள், எந்த மொழியில் பேசினாலும்.

மீதி மூன்று டயரையும் இன்று காலை கழற்றிப் போட்டேன். மூன்றும் 3214.